டல்லாஸ் ஓட்டலில் அப்பச்சி வைத்த 2 டாலர்

டல்லாஸ் ஓட்டலில் அப்பச்சி 2 டாலர் டிப்ஸ் வைத்ததும் பரிமாறிய பெண்ணின் முகம் ஏன் வாடியது என்று கேட்டிருந்தீர்கள். 64 டாலர் பில்லுக்கு 12 டாலராவது வைத்திருக்க வேண்டும். அப்பச்சி வைத்த 2 டாலர் குறைவுதான். அந்தப் பெண்ணின் முகம் வாடியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்பச்சி நம்மூர்க் கணக்கில் யோசித்திருப்பார். காரைக்குடி மெஸ்ஸில் சோம்புத் தட்டில் பில்லோடு 20 ரூபாய் வைத்தால் பரிமாறியவருக்குச் சந்தோஷம், வைக்காவிட்டாலும் சம்பளம் உண்டு. டல்லாஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் அப்படியில்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தாலே சட்டப்படி போதும். 1991லிருந்து அந்தத் தொகை ஏறவே இல்லை. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலர் வராவிட்டால்தான் மீதியை முதலாளி போட வேண்டும். ஆக, நாம் வைப்பது அன்பளிப்பு இல்லை, அவர்கள் கூலி. அப்பச்சியிடம் இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

அடுத்த முறை பில்லில் வரிக்கு முந்தைய தொகையைப் பாருங்கள். அதில் 18 முதல் 20 சதவீதம். கார்டில் கட்டினால், சீட்டில் டிப்ஸுக்கு ஒரு கோடு, மொத்தத்துக்கு ஒரு கோடு காலியாக இருக்கும். இரண்டையும் நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்று கவனியுங்கள்: ஆறேழு பேராகப் போனால் சில கடைகளில் டிப்ஸை 'கிராஜுவிட்டி' என்ற பெயரில் பில்லில் முன்பே சேர்த்திருப்பார்கள். அப்போது மறுபடி வைக்க வேண்டாம். திரும்பும் வழியில் சிங்கப்பூரில் தங்கினால், அங்கே பல உணவகங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கும்.

மறுபடி போய் அந்தப் பெண்ணுக்கு மீதியைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. அப்பச்சி கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.