பிந்துவது உங்கள் வாயா, குறிப்பா?

கார் ராலியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து பாதைக் குறிப்பைப் படித்துச் சொல்லும் நீங்கள், சீக்கிரம் படித்தால் "மறந்து போகுது", பொறுத்துப் படித்தால் "லேட்டு" என்று ஓட்டுநர் கத்துகிறார், நடுவில் குறிப்பில் இடமும் தவறிவிடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் உங்கள் வேகத்தில் தப்பு இருக்காது, குறிப்பு நீளமாக இருக்கும். ரெக்கியில், அதாவது போட்டிக்கு முன் பாதையை ஓட்டிப் பார்க்கும்போது, முதல் தடவை அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறீர்கள், சரி. இரண்டாம் தடவை திரும்பப் படித்துக் காட்டும்போது வேண்டாத சொல்லையெல்லாம் அடித்துவிடுங்கள். "80, வலது 4, மேடு, உடனே இடது 2" போதும். (80 என்பது மீட்டரில் தூரம்; 4, 2 என்பவை வளைவின் அளவு, எண் சின்னதானால் வளைவு கடுமை.)

வலது 4-க்குள் கார் நுழையும் முன்பே இடது 2 அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். நீண்ட நேர்பாதையில் அவசரம் வேண்டாம்; வளைவுகள் நெருக்கமாக வந்தால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இடம் தவறினால் ஊகிக்கவே கூடாது. நான் ஒருமுறை வெட்கப்பட்டுக்கொண்டு "இடது 5" என்று ஊகித்துச் சொல்லிவிட்டேன். வந்தது இடது 2. பள்ளத்தில் கிடந்தோம். "தவறிட்டேன்" என்று உடனே சொல்லுங்கள். அவர் தன் கண்ணை நம்பி வேகத்தைக் குறைப்பார். நீங்கள் தலையைத் தூக்கி, அடுத்த கொண்டை ஊசி வளைவையோ சந்திப்பையோ பிடித்து மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

அப்புறம், அவர் கத்திய இடத்திலெல்லாம் ஸ்டேஜ் (நேரம் கணக்கிடும் பாதைப் பகுதி) முடிந்ததும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். காருக்குள் பதிவான ஆன்போர்டு வீடியோவோடு இருவரும் உட்கார்ந்து பாருங்கள்.