உங்களுக்கு மிகவும் பிடித்த எண் எது? ஏன்?

1806.

வேலூர்க்காரர்களுக்கு இது ஒரு வருடம். 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்னே கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மக்கான் பக்கம் அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். ஒருநாள் பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1806-ஐக் காரணிப்படுத்திப் பார்த்தேன். 2 × 3 × 7 × 43. அன்றைக்குப் பிடித்த பிடி, இன்னும் விடவில்லை.

இந்த நாலு பகா எண்களும் எப்படி வந்து சேர்கின்றன என்று பாருங்கள். 2-இல் தொடங்குவோம். ஒன்று கூட்டினால் 3, பகா எண். இரண்டையும் பெருக்கினால் 6. ஒன்று கூட்டினால் 7, அதுவும் பகா எண். 6 × 7 = 42. ஒன்று கூட்டினால் 43, மறுபடி பகா எண். 42 × 43 = 1806. சரி, இன்னும் ஒன்று கூட்டினால் 1807. அது 13 × 139. சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது.

அறுந்ததில்தான் விஷயமே இருக்கிறது. 1806-க்கு 1, 2, 3, 6, 7 என்று தொடங்கி மொத்தம் 16 வகுத்திகள். ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டுங்கள். கிடைப்பவற்றில் பகா எண்கள் 2, 3, 7, 43 மட்டுமே. அதாவது அதன் சொந்தக் காரணிகளே, கூடவும் இல்லை குறையவும் இல்லை. 1807 மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால் ஐந்தாவதாக அதுவும் உள்ளே வந்திருக்கும்.

இதனால் வரும் ஒரு விளைவு எனக்கு உயிர். பெர்னூலி எண்கள் என்று ஒரு வரிசை உண்டு. ராமானுஜன் 1911-இல் வெளியிட்ட முதல் கட்டுரையே அவற்றைப் பற்றித்தான். எல்லாம் பின்னங்கள். இரட்டைப்படை இடத்தில் இருக்கும் பின்னத்தின் பகுதி, அதாவது கீழ் எண், இதே கணக்கில்தான் வரும்: இட எண்ணின் வகுத்திகளோடு ஒன்று கூட்டி, கிடைக்கும் பகா எண்களைப் பெருக்க வேண்டும். அந்த வரிசையில் 2 என்ற இடத்தில் இருக்கும் பின்னத்தின் பகுதி 6. 6-ஆம் இடத்தில் பகுதி 42. 42-ஆம் இடத்தில் 1806. 1806-ஆம் இடத்துக்குப் போனால்? அங்கேயும் பகுதி 1806-தான்! தன் இட எண்ணையே பகுதியாக வைத்திருக்கும் பெர்னூலி எண் வேறொன்று கிடையாது.

அப்புறம், கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று. கணியம்பாடி பக்கம் பெரியம்மா வீட்டில் ஒரு ஆனி மாதம் விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்துக்கொண்டிருந்தோம். பேரப்பிள்ளைகளோடு பத்துப் பத்தாக எண்ணி 1806 பருப்பை ஒரு முறத்தில் சேர்த்தேன். பாதி 903, ஒரு குவியல். மூன்றில் ஒரு பங்கு 602. ஏழில் ஒரு பங்கு 258. நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு 42. நாலு குவியலும் போக முறத்தில் ஒரே ஒரு பருப்பு.

"ஒண்ணு நின்னுபோச்சேப்பா, இது யாருக்கு?" என்றார் பெரியம்மா.

அதுவும் பங்குதான் பெரியம்மா, ஆயிரத்து எண்ணூற்று ஆறில் ஒரு பங்கு என்றேன். ½ + ⅓ + 1/7 + 1/43 + 1/1806, கூட்டினால் சரியாக 1. தன் பகாக் காரணிகளை வைத்து இப்படிக் கணக்கு முடிக்கும் எண்கள் மிகச் சொற்பம். 2, 6, 42, 1806 வந்த பிறகு அடுத்ததற்கு 47058 வரை போக வேண்டும்.

பெரியம்மா அந்த ஒற்றைப் பருப்பை எடுத்துத் தோல் கிழியாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, விதைப் பையில் போட்டார்.