ஆஸ்திரேலியாவில் பாதிப் படிப்பில் பிஆர் கிடைத்தால் கட்டணம் குறையுமா?

மாணவர் விசாவில் இளநிலை படிக்கும்போது நடுவில் பிஆர் (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வந்தால் என்ன மாறும் என்பது கேள்வி.

கட்டணம் பெரும்பாலும் குறையும், ஆனால் எப்போதிலிருந்து என்பதைத் தேதிதான் தீர்மானிக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு 'சென்சஸ் தேதி' உண்டு; சேர்க்கையும் கட்டணமும் உறுதியாகும் கடைசி நாள் அது. அதற்குள் பிஆர் கைக்கு வந்து, சான்றையும் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டால் அந்தப் பருவத்திலிருந்தே நீங்கள் உள்நாட்டு மாணவர். ஒரு நாள் தவறினாலும் அந்தப் பருவத்துக்கு வெளிநாட்டுக் கட்டணம்தான். பிஆருக்கு விண்ணப்பித்துவிட்டு பிரிட்ஜிங் விசாவில் (முடிவு வரும்வரை தரப்படும் தற்காலிக விசா) காத்திருப்பதெல்லாம் கணக்கில் வராது.

பலர் சறுக்குவது கடன் விஷயத்தில். காமன்வெல்த் (ஆஸ்திரேலிய மத்திய அரசு) ஆதரவு இடம் கிடைத்தால் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். மீதியைக் குடிமக்கள் ஹெக்ஸ்-ஹெல்ப் என்ற அரசுக் கல்விக் கடனில் தள்ளிப்போடலாம். மனிதாபிமான விசாவில் வந்தவர்கள் போன்ற சிலரைத் தவிர, பிஆர்காரர்களுக்கு அந்தக் கடன் கிடையாது. சென்சஸ் தேதிக்குள் அந்த மீதி மொத்தத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். விட்டால் சேர்க்கையே ரத்தாகலாம். முதுநிலையில் ஆதரவு இடங்களே குறைவு. அங்கே பிஆரை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

மாணவர் விசாவில் (சப்கிளாஸ் 500) வகுப்பு நடக்கும் காலத்தில் பொதுவாக இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. ஓஎஸ்ஹெச்சி என்ற வெளிநாட்டு மாணவர் மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பிஆரில் இந்த இரண்டு கட்டுப்பாடும் இல்லை. மெடிகேர் (அரசு மருத்துவத் திட்டம்) உண்டு, பகுதிநேரமாகவும் படிக்கலாம். முன்கூட்டியே கட்டிய ஓஎஸ்ஹெச்சியில் மீதமுள்ள மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்க மறக்காதீர்கள்.