வாடகை வீட்டைத் திரும்பப் பெற: கடலோர வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, எழுத்து எதுவும் இல்லாமல் வாடகைக்கு விட்டோம். அஞ்சு மாச பாக்கி. காலி பண்ண மாட்டேங்கிறார். ராமேஸ்வரத்துல ஒருத்தர் வாடகை நீதிமன்றம் போனாராம். நாங்களும் போகலாமா?

போகக் கூடாது. வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017) நகரப் பகுதிக்குத்தான். ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகள், மண்டபம், தொண்டி பேரூராட்சிகள் அதில் வரும். தங்கச்சிமடம், பாம்பன், தேவிபட்டினம் எல்லாம் ஊராட்சி. உங்களுக்கு 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 106. பதினைந்து நாள் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு.

நோட்டீஸில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "பாக்கியைக் கட்டுங்கள்" என்று மட்டும் எழுதினால் அது வெறும் கடன் நோட்டீஸ். "வாடகை உறவை இன்ன தேதியோடு முடிக்கிறேன், வீட்டை ஒப்படையுங்கள்" என்ற வரி கட்டாயம் வேண்டும். கதவு எண், நான்கு எல்லை, மாத வாடகை, பாக்கித் தொகை எல்லாம் இருக்கட்டும். ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் வைத்திருங்கள், அதுவே நோட்டீஸை அவரிடம் சேர்த்ததற்குச் சான்று. கெடு முடிந்த பிறகு அவர் பணம் கொடுத்தால் "வாடகை" என்று ரசீது எழுதாதீர்கள். பிரிவு 113ஐக் காட்டி, நோட்டீஸையே கைவிட்டுவிட்டீர்கள் என்று வாதாடுவார்கள். "உரிமைக்குப் பாதகமின்றி, அனுபவித்ததற்கான நஷ்டஈடாக" என்று எழுதுங்கள்.

எழுத்து இல்லாவிட்டால் ஜிபே வரவு, வங்கிப் பதிவு, உங்கள் பேரில் உள்ள வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் போதும். நீதிமன்றக் கட்டணம் சொத்து மதிப்புக்கு இல்லை, ஒரு வருட வாடகையை வைத்துத்தான்.

மண்டபம்: பேரூராட்சிக்குள்ள வீடு. மூணு மாச பாக்கி. ஆள் இல்லாத நேரம் பூட்டை மாத்திடலாமா?

வேண்டாம். குறிப்புச் செயல் பரிகாரச் சட்டம் (1963) பிரிவு 6ன்படி, ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டால் வீடு யாருடையது என்றே பார்க்காமல் சாவியை அவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் நீதிமன்றம். உங்களுக்கு உள்ள வழி வேறு. இரண்டு மாத பாக்கி சேர்ந்திருப்பதால் கேட்பு நோட்டீஸ் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு. கட்டிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும், அதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பாம்பன், கணவரை இழந்த ஒரு அக்கா: வீடு அவர் பேர்ல இருக்கு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை தம்பி.

அக்கா, 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டப்படி பெண்களுக்கு வருமானக் கணக்கே கிடையாது, இலவச வக்கீல் உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுங்கள். 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா, வரி ரசீது நகல்களைக் கொண்டு போங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருந்தாலும் பரவாயில்லை. மற்ற வாரிசுகள் எதிர்க்காதவரை ஒரு வாரிசே வழக்குப் போடலாம். குடியிருப்பவர் பேச்சுக்கு வருவார் என்று தோன்றினால், வழக்குக்கு முன்பே லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பச் சொல்லுங்கள். அங்கே எழுதும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. காலி செய்யும் தேதியை அதில் தெளிவாக எழுத வைக்க வேண்டும்.

கீழக்கரை: காக்கா, நான் துபாயில் இருக்கேன். மச்சானுக்கு பவர் பத்திரம் கொடுத்தா போதுமா?

பவர் பத்திரத்துக்கு அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள். இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், தவறினால் பவர் செல்லாக் காகிதம்போல் கிடக்கும். மச்சான் கையெழுத்துப் போடலாம். ஆனால் உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயத்துக்கு அவர் சாட்சி சொல்ல முடியாது. வாடகை பேசியது நீங்கள் என்றால், காணொலியில் நீங்களே சாட்சி சொல்ல அனுமதி கேளுங்கள்.

தொண்டி: 14 வருஷமா இருக்கார். 12 வருஷம் தாண்டினா வீடு அவருக்குப் போயிடுமாமே?

போகாது. வாடகைக்கு வந்தவர், வாடகைக்கு இருக்கும்வரை உங்கள் உரிமையை மறுக்க முடியாது. வாடகை உறவு முடிந்த நாளிலிருந்துதான் அந்த 12 வருடம் ஓடும். நோட்டீஸ் கொடுத்துவிட்டு வழக்குப் போடாமல் தூங்குவதுதான் ஆபத்து.

தேவிபட்டினம்: ஒத்திக்கு மூணு லட்சம் வாங்கினேன். எட்டு வருஷம் வாடகையே இல்லாம இருக்காங்க. கழிஞ்சுதுன்னு வெளியேத்தலாம்ல?

கழியாது. ஒத்தி என்பது அனுபவ அடமானம். அவர்கள் குடியிருந்தது வட்டிக்கு ஈடு, அசல் அப்படியே நிற்கிறது.

பெரியபட்டினத்திலிருந்து ஒருவர் குறுக்கிட்டு: எப்படி அண்ணே? மாசம் நாலாயிரம் போட்டாலே எட்டு வருஷத்துக்கு மூணேமுக்கால் லட்சத்துக்கு மேல ஆகுது. பத்திரமும் இருபது ரூபாய்த் தாள்தான், பதிவே இல்லை!

கணக்கு சரி, சட்டம் வேறு. வருமானம் அசலிலும் கழியும் என்று பத்திரத்தில் இருந்தால் மட்டும்தான் உங்கள் வாதம் நிற்கும். பெரும்பாலான ஒத்திப் பத்திரத்தில் "வட்டிக்கு வாடகை ஈடு" என்றே இருக்கும்.

அவரே மீண்டும்: பதிவு இல்லாத பத்திரம் செல்லாதே?

நூறு ரூபாயோ அதற்கு மேலோ அடமானம் என்றால் பதிவு வேண்டும், உண்மைதான். அதற்காக வாங்கிய பணம் மறைந்துவிடாது. ஒத்தி செல்லாது என்றால் கடனாகக் கேட்பார்கள், உங்கள் கையெழுத்து அதில் இருக்கிறது. பணத்தைக் காட்டாமல் வெளியேற்றும் வழக்கு போட்டால் வருடங்கள்தான் வீணாகும். தேவிபட்டினத்துக்காரருக்குச் சொல்கிறேன்: பதிவான ஒத்தியாக இருந்து அவர்கள் பணம் வாங்க மறுத்தால், சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 83ன்படி தொகையை நீதிமன்றத்தில் கட்டலாம். பிறகு மீட்பு வழக்கு. கால வரம்பு 30 வருடம், அவசரப்பட்டு கைகலப்பில் இறங்க வேண்டாம்.

ஏர்வாடி: 12 வருஷம் ஆனா...

தொண்டிக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மண்டபம், ஐஸ் கம்பெனி இடம்: 15 நாள் நோட்டீஸ் போதுமா?

உற்பத்திக்கு விட்ட இடத்துக்கு ஆறு மாத நோட்டீஸ் என்கிறது பிரிவு 106. பதிவான பத்திரம் இல்லாதபோது 15 நாளே போதும் என்ற வாதமும் உண்டு. நீங்கள் பேரூராட்சிக்குள் இருப்பதால் 2017 சட்டமும் சேர்கிறது. பத்திரத்தோடு உரிமையியல் வழக்கு நடத்தும் வக்கீலிடம் போங்கள்.

ராமேஸ்வரம்: கோயில் மனையில நான் கட்டின வீடு...

அடிமனை உரிமை அறநிலையத்துறைச் சட்டத்தில் வருவது, அதற்குத் தனி வக்கீல் பாருங்கள். உங்களிடம் வாடகைக்கு வந்தவர் மட்டும் அதைச் சாக்காக்கி உங்களை மறுக்க முடியாது.

ராமநாதபுரம்: கரண்டைப் பிடுங்கினா தானா போயிடுவார்ல?

பூட்டுக்குச் சொன்னதுதான் இதற்கும். அத்தியாவசிய வசதியை நிறுத்துவதை 2017 சட்டமே தடுக்கிறது. உங்கள் நியாயமான வழக்கில் நீங்களே எதிர்மனுதாரர் ஆகிவிடுவீர்கள்.

உச்சிப்புளி: வக்கீல்கிட்ட முதல்ல என்ன கேக்கணும்?

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பேசி ரசீது வாங்குங்கள். மூலப்பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். வழக்கு எண் விழுந்ததும் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணை (உங்கள் வழக்குக்கே உரிய அடையாள எண்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா உங்கள் போனிலேயே தெரியும்.