லண்டன் பர்கரும் இமைத் துடிப்பும்

கேள்வி: 1987 முதல் 1994 வரை லண்டனில் வேலை பார்த்தேன். மாட்டிறைச்சி பர்கர் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். இப்போது வயது 61. மூன்று வருடமாக ஆட்களின் பெயர் சட்டென்று வரமாட்டேன் என்கிறது, இமை துடிக்கிறது. பழைய சீட்டைக் காட்டி அல்பிரசோலம் வாங்கிப் போட்டுத்தான் தூங்குகிறேன். மேட் கௌ நோய் முப்பது வருடம் கழித்தும் தாக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதுவாக இருக்குமோ?

பதில்: அது இல்லை. வீடியோ பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள்.

செத்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுத் தீவனத்தில் கலந்ததால் பிரிட்டனில் மாடுகளிடையே பரவிய மூளை நோய் அது. 1986இல் தெரியவந்தது. மனிதருக்கும் தொற்றியிருக்கலாம் என்று அந்த அரசு ஒப்புக்கொள்ள 1996 ஆகிவிட்டது. அதுவரை கிட்டத்தட்ட நாடே அந்த இறைச்சியைச் சாப்பிட்டது. அப்படியும் அங்கே அதனால் இறந்தவர்கள் 178 பேர்தான், பெரும்பாலும் இளவயதினர். முதலில் மனச்சோர்வு, கை கால் வலி. சில மாதங்களில் தள்ளாட்டம். ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலும் மரணம். மூன்று வருடமாகப் பெயரை மட்டும் மறந்துகொண்டு யாரும் இருக்க மாட்டார்கள்.

மாட்டிறைச்சியைத் தொடாதவருக்கும் வருகிற இன்னொரு வகை உண்டு. பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் அறுபதை ஒட்டி வரும். அதில் கவனிக்க வேண்டியது வேகம். போன மாதம் பேங்க் வேலையைத் தானே பார்த்தவருக்கு இந்த மாதம் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது; நடை தள்ளாடும், கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். வாரக்கணக்கில் இப்படிச் சரிந்தால், யாராக இருந்தாலும், அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நோய்க்கு மருந்து இல்லைதான். ஆனால் பாத்ரூமில் வழுக்கித் தலையில் அடிபட்டு மெல்லக் கட்டிய ரத்தமும், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சியும் இதே வேடத்தில் வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. தாமதித்தால் கைவிட்டுப் போகும்.

இமைத் துடிப்பு ஒன்றுமில்லை. டீயைக் குறையுங்கள்.

எனக்குச் சந்தேகம் அந்த மாத்திரை மேல்தான். அல்பிரசோலம் ஞாபகத்தை மழுங்கடிக்கும். அதை மிட்டாய் போல வாங்கிப் போட யார் சொன்னது? அதற்காக இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். அப்படியே பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.