எண்ணெய் ஆவியாவதில்லை

வணக்கம் ஐயா,

பாடசாலையில் பஸ்டல், பிறகு நீர்வர்ணம், கடைசி மூன்று வருடம் அக்ரிலிக் என்று வரைந்து வந்தவள் நான். இப்போதுதான் எண்ணெய் வர்ணத்தில் கைவைத்தேன். மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் மாலைநேரத் தோணிகள். தண்ணீரின் இருளுக்கு ஐவரி பிளாக் என்ற கறுப்பில் ஆளிவிதை எண்ணெய் தாராளமாகக் கலந்து பூசினேன். இரண்டு நாள் கழித்து, டர்பன்டைனில் இளக்கிய வெள்ளையால் அதன்மேல் அலைகள். அவசரத்துக்குத் தோணி விளிம்பில் மட்டும் அக்ரிலிக் வெள்ளை. இப்போது அலைகள் வெடித்திருக்கின்றன, விளிம்பு நகம் பட்டாலே உரிகிறது. வர்ணம் பழசா?

வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்பின் வாசகிக்கு,

வர்ணத்தில் பிழையில்லை. தண்ணீர்ப் பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

நீர்வர்ணமும் அக்ரிலிக்கும் தண்ணீர் ஆவியாகிக் காய்பவை. எண்ணெய் ஆவியாவதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து மெல்ல இறுகும். தொட்டால் ஒட்டாவிட்டாலும் அடி அசைந்துகொண்டிருக்கும். அதிலும் ஐவரி பிளாக் இறுகுவதில் மகா சோம்பேறி. அதற்குமேல் எண்ணெயும் ஊற்றிவிட்டீர்கள். டர்பன்டைன் பறந்துபோன மெல்லிய வெள்ளை முந்திக்கொண்டு இறுகியது, கீழே கறுப்பு அசைந்தது, அலை வெடித்தது. அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்கவேண்டும்.

எண்ணெய்ப் பரப்பை அக்ரிலிக் பிடிக்காது. ஆனால் அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் பிடிக்கும். ஆகவே உங்கள் மூன்று வருடப் பழக்கம் வீணில்லை, அதை அடிக்கு வையுங்கள். கன்வஸில் அக்ரிலிக் ஜெஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு மூன்று தரம், இடையில் நைசான சான்ட் பேப்பரால் ஒரு தேய்ப்பு. வெறும் துணியில் எண்ணெய் பட்டால் நாளடைவில் நார் உக்கிவிடும். இருள், ஒளி எல்லாவற்றையும் பேர்ன்ட் அம்பர் என்ற கபில நிற அக்ரிலிக்கில் மெல்லியதாக வரைந்துகொள்ளலாம். ஒரு பின்னேர வேலை. பிறகு எண்ணெய். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும். அடுத்ததற்கு டர்பன்டைன் இரண்டு பங்கு, எண்ணெய் ஒரு பங்கு. கடைசிக்குச் சமபங்கு, அதுவும் சில துளிதான். மிஞ்சினால் மேற்பரப்பு தோல்போலச் சுருங்கும்.

இருளுக்குக் கறுப்பே வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தோடு பேர்ன்ட் அம்பரைக் கலந்து பாருங்கள்; அம்பர் விரைவாக இறுகும். நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது நீங்கள் தொடாமல் விட்ட தாள். இங்கே அது கடைசியில் வைப்பது. வாவியில் விழும் வெளிச்சத்துக்கு டைட்டேனியம் வெள்ளையில் கடுகளவு மஞ்சள் ஓக்கர் சேர்த்துத் தடிப்பாக ஒரே இழுவை. தடவித் தடவித் திருத்தினால் ஈரமான அடி எழும்பி, வெளிச்சம் சாம்பலாகிவிடும்.

கதவு, ஜன்னலுக்கென்று ஹாட்வெயாரில் விற்கும் காய்ச்சிய லின்சீட் (ஆளிவிதை எண்ணெய்) வேண்டாம், நாளடைவில் கறுக்கும். தேங்காய் எண்ணெயோ எத்தனை மாதமானாலும் இறுகாது; தூரிகை கழுவ மட்டும் உதவும், அதையும் சவர்க்காரம் போட்டு முழுக்கப் போக்கவேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த சீலைத் துண்டுகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது சூடு பிறந்து தானாகவே தீப்பற்றலாம். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

மாரி தொடங்கினால் எல்லாம் இன்னும் தாமதமாகும். படத்தைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும். இருட்டறையில் எண்ணெய் மஞ்சளிக்கும். வெளிச்சமான விறாந்தை நல்லது.

இந்தப் படத்தில் தோணி விளிம்பை உரித்தெடுத்துவிடுங்கள். அலைகளைக் கத்தியால் கறுப்போடு சேர்த்துச் சுரண்டுங்கள். வானம் சரியாக இருந்தால் அதைத் தொடவேண்டாம். வார்னிஷ் பற்றி ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம்.