கார் கேள்வி-பதில்: அந்த ப்ளக்-இன் ஹைபிரிட் என்ன விலைக்கு வரும்?

கேள்வி: புதுசா வரப்போற ஒரு ப்ளக்-இன் ஹைபிரிட்டுக்காக (வீட்டு ப்ளக்ல சார்ஜ் போட்டும் ஓட்டலாம், பெட்ரோல்லயும் ஓட்டலாம்) ரொம்ப நாளா வெயிட் பண்றேன் சார். படம் விட்டுட்டாங்க, பேட்டரி சைஸ் சொல்லிட்டாங்க, விலையை மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறாங்க. ஆளாளுக்கு ஒரு நம்பர் அடிச்சு விடறாங்க. நாமளே உத்தேசமா கணக்குப் போட வழி இருக்கா?

பதில்: இருக்கு, ஆனா பாதிப் பேர் தப்பான இடத்துல ஆரம்பிக்கிறாங்க. பேட்டரி இத்தனை யூனிட் (கரன்ட் பில்லுல வர்ற அதே யூனிட், அதாவது கிலோவாட்-அவர்), யூனிட்டுக்கு இவ்வளவு, மோட்டார் இவ்வளவு, சார்ஜர் இவ்வளவுன்னு கூட்டிக்கிட்டே போய் கடைசில ஒரு தொகையைப் பிடிப்பாங்க. அது கம்பெனிக்கு ஆகற செலவு, அவ்வளவுதான். நம்மகிட்ட கேக்கற விலை எங்கேர்ந்து வருதுன்னா, அதே ஷோரூம்ல பக்கத்துல நிக்கற அதே காரோட, வெளில சார்ஜ் போட முடியாத சாதா ஹைபிரிட்லேர்ந்து. அதோட டாப் வேரியன்ட் என்ன விலைன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, ப்ளக்-இன் பெரும்பாலும் அதுக்குக் கொஞ்சம் மேலதான் வந்து உக்காரும். ரொம்ப மேல போனா சீண்ட ஆள் இருக்காது, கீழ வந்தா அந்த டாப் வேரியன்ட் சேல்ஸ் படுத்துடும்.

2020-ல அமெரிக்காவுல டொயோட்டா ராவ்4 காரோட ப்ளக்-இன் மாடலான ராவ்4 ப்ரைம் வந்தப்ப இதேதான் நடந்துச்சு. சாதா ஹைபிரிட் டாப் மாடல் 37,000 டாலருக்குள்ள இருந்துச்சு, ப்ரைம் 38,100-ல ஆரம்பிச்சுது. அதுக்குள்ள 18.1 யூனிட் பேட்டரி, 302 குதிரைத்திறன். கவனிச்சா தெரியும், மைலேஜை விட வேகத்தைச் சொல்லித்தான் அதை ஜாஸ்தியா வித்தாங்க. பெட்ரோல் மிச்சமாகும்னு சொன்னா உடனே நாம எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும்னு கால்குலேட்டரைத் தூக்கிடுவோம், பறக்கும்னு சொன்னா தூக்க மாட்டோம் :)

பேட்டரி பெருசானா விலையும் ஏறும்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. 2012-ல வந்த டொயோட்டா ப்ரியஸ் ப்ளக்-இன்ல இருந்தது வெறும் 4.4 யூனிட், விலை 32,000 டாலர், அப்ப சாதா ப்ரியஸ் 24,000-லயே கிடைச்சுது. எட்டாயிரம் கூடக் குடுத்து யார் வாங்குவா? 2016 கடைசில அதோட அடுத்த தலைமுறையான ப்ரியஸ் ப்ரைம் வந்தப்ப பேட்டரி டபுளாகி 8.8 யூனிட் ஆச்சு, விலையோ 27,100-க்கு இறங்கிடுச்சு, சாதா ப்ரியஸுக்கும் அதுக்கும் வித்தியாசம் இரண்டாயிரத்து சொச்சம்தான். அதனால இது அந்தக் கம்பெனியோட முதல் ப்ளக்-இன்னா இரண்டாவதான்னு பாருங்க, முதல்னா உங்க கணக்குல கொஞ்சம் கூட்டிப் போடறது நல்லது.

கேள்வி: கான்செப்ட் (விற்பனைக்கு முன்னாடி ஷோல வைக்கற மாதிரி கார்) காட்டும்போது ஒரு விலை, லாஞ்ச்ல ஒரு விலை. ஏன் இப்படி?

பதில்: கான்செப்ட் காட்டறப்ப சொல்றது ஆசை. ஷெவர்லே வோல்ட்ங்கிற ப்ளக்-இன் காரை 2007 ஜனவரில டெட்ராய்ட் ஷோல காட்டினப்ப 30,000 டாலர் பக்கத்துல குடுக்கணும்ங்கிற பேச்சு இருந்துச்சு, 2010 ஜூலைல அறிவிச்ச விலை 41,000. அன்னைக்கு பேட்டரி விலை யூனிட்டுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டின காலம், வோல்ட்ல இருந்ததோ 16 யூனிட், அப்ப என்னதான் பண்ணுவாங்க. ஆனா எல்லாரும் அந்த 41,000-ஐப் பார்த்துக் கத்திக்கிட்டு இருந்தப்ப அதே நாள்ல சொன்ன இன்னொரு நம்பரை நிறைய பேர் கண்டுக்கல. லீஸ், அதாவது காரை வாங்காம வாடகைக்கு ஓட்டறதுக்கு, மாசம் 350 டாலர். அந்த நேரத்துல போட்டிக்கு நின்ன நிஸான் லீஃப் முழு எலெக்ட்ரிக், அதோட லிஸ்ட் விலை 32,780, லீஸ் மாசம் 349! லிஸ்ட் விலைல எட்டாயிரத்துக்கு மேல வித்தியாசம், மாச லீஸ்ல ஒரே ஒரு டாலர். உண்மையான விலை எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. மூணு வருஷம் கழிச்சு 2013 ஆகஸ்ட்ல, அதுக்குள்ள 39,995-க்கு வந்திருந்த வோல்ட் விலையை இன்னும் 5,000 டாலர் குறைச்சு 34,995-க்குக் கொண்டு வந்தாங்க, முதல் வரிசைல நின்னு வாங்கினவங்க மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

ஃபிஸ்கர்ங்கிற புதுக் கம்பெனியோட கர்மா ப்ளக்-இன் கார் இன்னும் மோசம், 80,000 டாலர்ல பேச ஆரம்பிச்சு கடைசில ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. சொந்தமா ஒரு கார் கூட வித்துப் பழக்கமில்லாத புதுக் கம்பெனி சொல்ற விலையை நான் எப்பவும் மேல தள்ளித்தான் படிப்பேன்.

கேள்வி: பேட்டரி விலை தரைமட்டத்துக்கு வந்துடுச்சுன்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் இன்னும் ஹைபிரிட்டை விட இவ்வளவு அதிகம்?

பதில்: ப்ளூம்பெர்க்ங்கிற ஆய்வு நிறுவனத்தோட கணக்குப்படி 2024-ல பேட்டரி பேக் சராசரி யூனிட்டுக்கு 115 டாலர். ஆனா அது எல்லா வகை பேக்கையும் சேர்த்த சராசரி. ப்ளக்-இன்ல பேக் சின்னது, ஆனா பெட்டி, கூலிங், கன்ட்ரோல் போர்டு எல்லாம் பெரிய பேக்குக்கு வேணுங்கிற மாதிரியே இதுக்கும் வேணும், அந்தச் செலவு கொஞ்சூண்டு யூனிட்டு மேல விழறதால யூனிட்டுக்கு விலை ஏறிடும். போதாததுக்கு எஞ்சின், பெட்ரோல் டேங்க், சைலன்சர்னு எதையும் கழட்ட முடியாது, இரண்டு குடும்பத்தை ஒரே வீட்டுல வெச்சு சோறு போடற கதை.

சைனாவுல மட்டும் இந்தக் கதை மாறிடுச்சு. 2008 டிசம்பர்ல அங்க இருக்கற பிஒய்டி கம்பெனியோட எஃப்3டிஎம் ப்ளக்-இன் 1,49,800 யுவான், 2024 பிப்ரவரில அதே கம்பெனியோட சின் ப்ளஸ் 79,800. பேட்டரியும் அவங்களே பண்றாங்க, எண்ணிக்கையும் லட்சக்கணக்குல. உங்க காரும் அப்படி ஒரு கம்பெனிகிட்டேர்ந்து வருதுன்னா நான் மேல சொன்ன டாப் வேரியன்ட் கணக்கை விட்டுட்டு நேரா பெட்ரோல் கார் விலையோட ஒப்பிடுங்க.

கேள்வி: மானியத்தைக் கழிச்சுட்டுத்தான் விலையை யோசிக்கணுமா?

பதில்: கம்பெனி யோசிக்குது, நீங்களும் யோசிங்க. மிட்சுபிஷி அவுட்லேண்டர் ப்ளக்-இன் 2014-ல பிரிட்டனுக்கு வந்தப்ப லிஸ்ட் விலை 33,249 பவுண்டு, அரசு மானியம் 5,000 போனா 28,249, அச்சு அசலா அதோட டீசல் மாடல் விலை! தற்செயலா வந்த நம்பர் இல்ல அது. அமெரிக்காவுல வோல்ட் வந்த காலத்துல வரிச்சலுகை பேட்டரி சைஸைப் பொறுத்து ஏறி 16 யூனிட்ல 7,500 டாலரைத் தொட்டு நின்னுச்சு, வோல்ட் பேட்டரி எத்தனை யூனிட்னு மேல போய் ஒரு தடவை பாருங்க.

ஒரே ஒரு ஜாக்கிரதை, மானியம் சொல்லாம கொள்ளாம போயிடும். பிரிட்டன்ல ப்ளக்-இன் ஹைபிரிட்டுக்கு 2018-லயே நிறுத்திட்டாங்க, அமெரிக்காவுல 2025 செப்டம்பர் 30-ஓட முடிஞ்சுது. டெலிவரி எப்பன்னு தெரியாம இன்னைக்கு இருக்கற மானியத்தைக் கழிக்காதீங்க.

கேள்வி: விலை சொல்றதுக்கு முன்னாடியே புக் பண்ணிடவா?

பதில்: அட்வான்ஸ் முழுசா திரும்பி வரும்னு எழுத்துல குடுத்தா பண்ணுங்க. விலை அறிவிச்ச அன்னைக்கு மூணு விஷயம் கேளுங்க, அந்த ஆரம்ப விலை எந்த வேரியன்ட்டுக்கு, அந்த வேரியன்ட் முதல் லாட்ல வருமா, வண்டியைக் கொண்டு வந்து சேர்க்கற செலவு அதுல அடக்கமா. முதல் லாட்ல பெரும்பாலும் எல்லா ஃபீச்சரும் போட்ட டாப் மாடல்தான் வரும், சில ஊர்கள்ல டீலர் அதுக்கும் மேல தன் பங்குக்கு ஏத்துவார். அவசரம் இல்லன்னா இரண்டாவது லாட்டுக்கு நில்லுங்க.